குடை மடிப்பவரின் வாக்குமூலம்

விமானத்திலிருந்து குதிப்பவனுக்குப் பதக்கம்; அவன் முதுகில் கட்டியிருக்கும் துணியை மடித்தவனுக்கு முதுகுவலி. மடிப்புக்காரர் இதைக் குறையாகச் சொன்னதில்லை. ராணுவத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். கேட்டவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மடிப்புக்காரருக்கும் அதுதான் வேண்டும்.

தேசபக்தி பொங்கி ராணுவத்துக்குப் போனவர் இல்லை அவர். அப்பா கைகழுவிவிட்டுப் போன வீடு. அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து அக்காவையும் இவரையும் வளர்த்தாள். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அம்மா பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. நாலு மூலையும் சேராவிட்டால் அம்மா திட்ட மாட்டாள். உதறிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். திட்டுவதை விட அதுதான் உறைக்கும்.

பயிற்சி முகாமில் காலையில் கட்டிலைப் பார்வையிட வந்த அதிகாரி இவருடைய கம்பளியின் முன் நின்றுவிட்டார். "இது கம்பளியா, செங்கல்லா?" என்று கேட்டார். துப்பாக்கி சுடுவதில் இவர் படுமோசம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பாராசூட் மடிக்கும் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ராணுவம் யோசித்துச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்டவை நிறைய இல்லை.

அந்த முகாமில் பாராசூட்டை யாரும் பாராசூட் என்று சொல்வதில்லை. குடை. மடிக்கும் இடம் குடைக்கூடம். நீளமான கட்டடம், நீளமான மேசைகள். மரச்சிராய் துணியைக் கிழிக்கக்கூடாது என்பதற்காகக் கண்ணாடி போல இழைத்த பலகைகள். உள்ளே போகும் முன் மோதிரம், கைக்கடிகாரம், பேனா எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். சட்டைப் பைகளைத் தைத்து மூடியிருப்பார்கள். குடைக்குள் ஒரு பொத்தான்கூட விழக்கூடாது. துணியை மேசையின் நீளத்துக்கு இழுத்து மாட்டி, பட்டை பட்டையாக அடுக்கி, காற்றில் கலையாமல் இருக்க ஈயக்குண்டு அடைத்த சின்னப் பைகளை மேலே வைத்து, கயிறுகளை வளைத்து வளைத்துச் செருகி, கடைசியில் பையை மூடி நூலால் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மடிப்பவன் கையைத் தூக்கி "பாருங்க" என்று குரல் கொடுப்பான். கூடத்தின் தலைவர் வந்து பார்த்து, தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. பாதியில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. பிரித்துப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து. அம்மாவின் சட்டமே அங்கேயும் இருந்ததில் இவருக்கு ஒரு நிம்மதி.

கூடத்தின் தலைவரை எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள். அவர் அங்கே யாருக்கும் சொந்த மாமா இல்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அவருக்குக் கீழே மடிப்புக்காரரோடு இன்னும் இரண்டு பேர். வாய் ஓயாத ஒருவன், பெயர் ரேடியோ. இன்னொருவன் தூங்குமூஞ்சி, ஆனால் கை மட்டும் தூங்காது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாமா திடீரென்று ஒரு நாள், "டேய் ரேடியோ, அலமாரியில நீ மடிச்சதுல ஒண்ணை எடு. மாட்டு. போய்க் குதி" என்பார். மடிப்பவன் தான் மடித்த குடையோடு, தானே விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். யாருடைய முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடத்தில் ஒரு சாமி படம் கிடையாது. எலுமிச்சம்பழம் கிடையாது, கயிறு மந்திரித்துக் கட்டுவது கிடையாது. எத்தனையோ பேர் வானத்திலிருந்து பத்திரமாக இறங்கினார்கள். இரண்டு கண் பார்த்ததை இன்னும் இரண்டு கண் பார்த்தது, அவ்வளவுதான் ரகசியம். உலகத்தில் மற்ற காரியங்களையும் இப்படி நடத்தலாம் என்று யாருக்கும் தோன்றாதது ஏன் என்று தெரியவில்லை.

நெட்டை அந்தக் கூடத்துக்கு வந்தது ஒரு ஈரக் குடையோடு. குதிக்கும் படையைச் சேர்ந்தவன். மடிப்புக்காரரைவிட இரண்டு வயது இளையவன். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவான். காற்று தள்ளிக்கொண்டு போய்க் குட்டையில் இறக்கிவிட்டது அவனை. துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பூட்ஸிலிருந்து சேறு வழிய வாசலில் நின்றான்.

"எங்கே போடறது இதை?"

"அங்கேயே நில்லு. உள்ளே கால் வைச்சே, மாமா உன்னைக் காயப்போட்டுடுவார்" என்றார் மடிப்புக்காரர்.

ஈரக் குடைகளைக் காயவைக்கக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கோபுரம் இருந்தது. உள்ளே கூடு மாதிரி வெறுமை, உச்சியில் கப்பிகள். குடையின் தலையைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தால், வெள்ளைத் துணி உச்சியிலிருந்து தரைவரை தொங்கும். பகல் வெளிச்சம் மேல் சன்னல்கள் வழியே அதன் மேல் விழும். தொங்கும் துணியிலிருந்து புல், முள், பூச்சி எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். குட்டையில் விழுந்தவனே வந்து பொறுக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். இருவரும் துணிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று முள் பொறுக்கினார்கள். முகம் தெரியாமல் பேசுவது எளிது. நெட்டை, தனக்கு உயரமென்றால் பயம் என்றான்.

"அப்புறம் எதுக்குய்யா இந்தப் படையில சேர்ந்தே?"

"குதிக்கிற வரைக்கும்தான் பயம். குதிச்சப்புறம் என்ன பண்றது, அதான் குதிச்சாச்சே."

மடிப்புக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அந்த முகாமில் யாரும் பார்த்ததில்லை. துணி மறைத்ததால் நெட்டையும் பார்க்கவில்லை, சத்தம்தான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நெட்டையின் குடையில் மட்டும் அளவுக்கு மீறி முள் ஏறியது.

எப்படி ஆரம்பித்தது என்று பின்னால் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லோருக்கும் எப்படி ஆரம்பிக்குமோ அப்படித்தான். பேச்சு, பேச்சுக்காகக் காத்திருப்பது, காத்திருக்கிறோம் என்று தெரிந்து வெட்கப்படுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் ஊருக்குள் போய், ஒரு தங்கும் விடுதியில் அறை எடுத்தார்கள். அந்த அறையில் ஒரு கட்டில், ஓடாத மின்விசிறி, சொட்டும் குழாய். அதற்குப் பிறகு அனுமதி கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் அதே அறை. எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான்.

ராணுவச் சட்டத்தில் இதற்கென்று ஒரு வரி இருந்தது. எதிரிக்குத் தகவல் விற்பவனைப் பற்றியும் போர்க்களத்தில் ஓடிப்போகிறவனைப் பற்றியும் சொல்லும் அதே பக்கத்தில்தான் அதுவும் இருந்தது. எதிரிக்குத் தகவல் போனால் சாவு உண்டு. ஓடிப்போனால் பக்கத்தில் நிற்பவன் சாவான். இரண்டு ஆண்கள் ஒரு கட்டிலில் படுத்தால் யாருக்கு என்ன போகிறது என்று அந்த வரியை எழுதியவன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பான். யோசிக்காதவர்கள் எழுதிய வரிகளுக்கு யோசிக்கிறவர்கள் கட்டுப்பட வேண்டியிருப்பதுதான் இந்த உலகத்தின் பழைய அநியாயம்.

இருவரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். மற்றவர் எதிரில் நெட்டை, "என்ன மடிப்பு சார், சௌக்கியமா?" என்பான், தனியாக இருந்தால், "யோவ்." ஒரு விஷயத்தில் மட்டும் நெட்டை ஜாக்கிரதையை விட்டுவிட்டான். அது குதிக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

குதிக்கும் நாளில் வீரர்கள் வரிசையாக வந்து அலமாரியில் அடுத்து எது இருக்கிறதோ அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். பொறுக்கக்கூடாது. பொறுக்க ஆரம்பித்தால் எல்லா மடிப்பும் ஒன்று என்ற நம்பிக்கை போய்விடும். அந்த நம்பிக்கை போனவன் விமானக் கதவில் நின்று யோசிப்பான். யோசிக்கிறவன் மேல் பின்னால் வருகிறவன் வந்து விழுவான். ஆனால் நெட்டைக்கு, மடிப்புக்காரர் மடித்ததுதான் வேண்டும். கடைசி முடிச்சின் நுனியை அவர் ஒட்ட நறுக்கிவிடுவார்; மற்றவர்கள் கொஞ்சம் வால் விடுவார்கள். தூரத்திலிருந்தே நெட்டை அதைக் கண்டுபிடித்து, வரிசையில் தன் இடத்தைக் கணக்குப் போட்டு, "நீ போ, நீ போ, லேஸ் அவுந்துடுச்சு" என்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவான். சரியான குடை வந்ததும் நிமிர்வான்.

மடிப்புக்காரருக்கு இது தெரிந்தபோது கோபம் வந்தது. "துணிக்குத் தெரியுமாடா யாரு மடிச்சதுன்னு? தூங்குமூஞ்சி மடிச்சதும் விரியும், நான் மடிச்சதும் விரியும். படிச்சவன்தானே நீ? இது தாயத்துக் கட்டற மாதிரி இருக்கு."

"விரியுறதுக்காக இல்லைய்யா."

"பின்னே?"

"விரியுற வரைக்கும் கொஞ்ச நேரம் இருக்கில்ல. அப்ப முதுகுல நீ இருக்கிற மாதிரி."

மடிப்புக்காரர் மறுபடியும் திட்டினார். திட்டினாரே தவிர, முடிச்சின் நுனியை ஒட்ட நறுக்குவதை நிறுத்தவில்லை. அந்தத் தப்பில் அவருடைய பங்கு அது.

லேஸ் விஷயம் வீரர்களுக்குள் கேலியாக ஓடிக்கொண்டிருந்தது. நெட்டைக்குப் பூட்ஸ் கட்டவே தெரியாது என்றார்கள். வேறு விதமாகச் சந்தேகப்பட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு நாள், மாமா அலமாரியைச் சுத்தம் செய்து அடுக்கை மாற்றி வைத்திருந்தார். நெட்டையின் கணக்கு தப்பியது. அவன் கைக்கு வந்தது வால்விட்ட முடிச்சு. லேஸ் கட்டி நிமிர்ந்தவனுக்கு என்ன ஆயிற்றோ, கையை நீட்டி இரண்டாம் தட்டிலிருந்து தனக்கு வேண்டியதை உருவினான்.

பயிற்சி சார்ஜென்ட்டுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனையும் பக்கத்தில் நிற்பவனையும் ஒரே குரலில்தான் கூப்பிடுவார். "ஏய் ஒட்டகச்சிவிங்கி! இதென்ன துணிக்கடையா, பிடிச்சதைப் பொறுக்கி எடுக்க? எப்பப் பாரு அந்த மடிப்போட மூட்டையையே தேடுறே. என்னடா சமாச்சாரம்? அவன் என்ன உன் பொண்டாட்டியா?"

வரிசை சிரித்தது. லவுட்ஸ்பீக்கருக்கு அது வெறும் கேலிதான். தினம் பத்துப் பேரைப் பற்றி இப்படிச் சொல்வார். நெட்டையும் கூடச் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் உண்மை எதிர்பாராமல் காதில் விழுந்ததும் அவன் வெலவெலத்துப் போனான். வாயில் வந்ததைச் சொன்னான்.

"மத்தவங்க மடிச்சதுல நம்பிக்கை இல்ல சார். சரியா மடிக்கறதில்ல."

சிரிப்பு நின்றது. குடை மாட்டிக்கொண்டு தயாராக நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மெதுவாகப் பட்டையை அவிழ்த்து, குடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அடுத்தவனும் உட்கார்ந்தான். ஓடுபாதையில் விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று யாரும் ஏறவில்லை.

மறுநாள் குடைக்கூடத்தைப் பூட்டி, அலமாரியில் இருந்த எல்லாக் குடைகளையும் பிரித்துப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் சிக்கலாயிற்று. நெட்டை சொன்னது பொய்யென்றால், ஒரு வீரன் எதற்காக அப்படிப் பொய் சொல்ல வேண்டும்? மெய்யென்றால், வெளியாட்கள் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான குறை எங்கேயோ இருக்க வேண்டும்; அதைச் சொல்லக்கூடியவர் அதே கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர்தான். விசாரணை வைத்து, மடிப்புக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோவே பேசவில்லை. மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டார்: "ஏன்டா, என் கண்ணுக்குத் தப்பி ஏதாச்சும் போயிருக்கா? இருந்தா சொல்லிடு. நான் சண்டைக்கு வர மாட்டேன்."

மடிப்புக்காரர் தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் பார்த்த கண்ணை அந்த மனிதர் தானே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார். அது யாருடைய வேலை என்று மடிப்புக்காரருக்குத் தெரியும்.

விசாரணைக்கு முன்னால் முகாமின் கேப்டன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதிகாரி உட்காரச் சொன்னால் எதையோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். டீ வேறு வந்தது.

"இதோ பாரு. நீ நல்ல வேலைக்காரன். கேட்கிற கேள்விக்கு, ஆமா சார், மத்தவங்க மடிப்புல கொஞ்சம் அலட்சியம் உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அந்த ரெண்டு பேரையும் வேற பிரிவுக்கு மாத்திடுறேன். மாமாவுக்குக் கொஞ்சம் பதவி இறக்கம். பென்ஷன்ல கொஞ்சம் அடிபடும், அவ்வளவுதான். நீதான் கூடத்துக்குத் தலைவர். விஷயம் முடிஞ்சுது."

"அலட்சியம் இல்லையே சார்."

கேப்டன் டீயைக் கீழே வைத்தார். "யோவ், நான் என்ன குருடனா? ஞாயித்துக்கிழமை யார் யார் ஒண்ணா வெளியே போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. வெளிய சொல்லாத வரைக்கும் யார் எப்படிப் போனா எனக்கென்ன? ஆனா காகிதத்துல வந்துச்சுன்னா என் கையில இல்ல. ரெண்டு பேரும் காலி. சம்பளம் இல்ல, பென்ஷன் இல்ல, வெளியே எவனும் வேலை தர மாட்டான். யோசிச்சுக்க."

கேப்டன் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதன் பொருளை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக மடித்த குடைகளை மோசம் என்று சொல்லும் பொய், அடுத்த முறை கதவில் நிற்கும் ஒருவனைக் கொல்லக்கூடிய பொய், அது காகிதத்தில் வரலாம். யாரையும் ஒன்றும் செய்யாத உண்மை மட்டும் வரக்கூடாது. இதற்குப் பெயர் ஒழுக்கம். இந்த ஒழுக்கத்துக்குத்தான் தினமும் காலையில் கொடி ஏற்றி வணக்கம் வைத்தார்கள்.

அன்று மத்தியானம் காயவைக்கும் கோபுரத்தில் நெட்டை காத்திருந்தான். காயவேண்டிய குடை ஒன்றும் இல்லை. கொக்கிகள் சும்மா தொங்கின. மறைக்கத் துணி இல்லாமல் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"நான் சொன்னதையே நீயும் சொல்லிடுய்யா" என்றான் நெட்டை. "தப்புதான். வாய் தவறிடுச்சு. ஆனா இப்ப வேற வழி இல்ல."

"மாமா தன் கண்ணைத் தானே நம்ப மாட்டேங்கிறார், தெரியுமா உனக்கு?"

"மாமாவுக்குப் பென்ஷன் கொஞ்சம் குறையும். நமக்கு மொத்தமும் போகும்!"

"உன் படைக்காரன் ஒருத்தன் குடையைக் கழட்டி வெச்சுட்டு உட்கார்ந்தானே. அவன் நாளைக்கு எப்படி ஏறுவான்? நான் ஆமான்னு சொன்னா, அவன் ஆயுசு முழுக்க முதுகைத் திரும்பிப் பார்த்துட்டே குதிப்பான்."

நெட்டை தலையைக் கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "எனக்குக் குதிக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுய்யா."

மடிப்புக்காரர் அவன் உச்சந்தலையைப் பார்த்தார். முடி அங்கே மெலிய ஆரம்பித்திருந்தது. "நீ குதி" என்றார். "உன் பேரு வராம நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காம இருந்தா போதும். அதையாவது உருப்படியா செய்."

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் கேப்டனும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். ஓரத்தில் தட்டச்சுப் பொறியோடு ஒரு கிளார்க். சுவரை ஒட்டிய பெஞ்சில் மாமா, ரேடியோ, தூங்குமூஞ்சி. தள்ளி நெட்டை, முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மற்றவர்கள் மடிப்பதில் குறை உண்டா?" என்று கேட்டார் நடுவில் இருந்த பெரிய அதிகாரி.

"இல்லை சார். நான் எப்படி மடிப்பேனோ அப்படித்தான் எல்லாரும். வேணும்னா அவங்க மடிச்சதுல எதையாவது எடுங்க. இப்பவே மாட்டிக்கிட்டுக் குதிக்கிறேன்."

மாமா நிமிர்ந்தார். கேப்டன் பேனாவால் மேசையைத் தட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி.

"அப்படியானால் இந்த வீரன் ஏன் உன் குடையையே எடுத்தான்?"

"நான் எடுக்கச் சொன்னேன் சார்."

"ஏன்?"

மடிப்புக்காரர் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். கௌரவமான, சட்டப் புத்தகம் போன்ற வாக்கியம். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"எனக்கு அவனைப் பிடிக்கும் சார். ஒரு ஆம்பளைக்குப் பொம்பளையைப் பிடிக்கிற மாதிரி. நான் மடிச்சது அவன் முதுகுல இருக்கணும்னு ஆசை. அவனுக்கு இது எதுவும் தெரியாது. சீனியர் சொல்றாரேன்னு எடுத்தான். அன்னிக்கு எல்லாரும் கேலி பண்ணவும் பயந்துபோய் ஏதோ உளறிட்டான்."

தட்டச்சுப் பொறி நின்றது. கிளார்க் தலையைத் தூக்கி, "சார், இதை எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார். உண்மையான சந்தேகம்தான். அவர் கைக்கு இதுவரை வராத வாக்கியம்.

"அவன் சொன்னபடியே அடி" என்றார் பெரிய அதிகாரி எரிச்சலோடு. பிறகு நெட்டையைப் பார்த்தார். "எழுந்திரு. இவன் சொல்வது சரியா? உனக்கு ஒன்றும் தெரியாது, அப்படித்தானே?"

கேப்டன் மூச்சு விட்டார். வழி திறந்திருந்தது. ஒரு 'ஆமா சார்' போதும், ஒருவனாவது தப்பிப்பான். நெட்டை எழுந்தான். மடிப்புக்காரர் அவனைப் பார்க்கக்கூடாது என்று சன்னலைப் பார்த்தார்.

"தெரியும் சார்" என்றான் நெட்டை.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். அவர் என்னை எடுக்கச் சொல்லவே இல்ல. எடுக்காதேன்னுதான் திட்டினார். நான்தான் எடுத்தேன். பிடிச்சுது, எடுத்தேன். மத்தவங்க மடிப்பைப் பத்திச் சொன்னது பொய் சார். மாமா, மன்னிச்சிடுங்க."

"டேய் மடையா!" என்றார் மடிப்புக்காரர், விசாரணை அறை என்பதையும் மறந்து.

அதையும் கிளார்க் அடித்தாரா என்பது தெரியவில்லை.

தீர்ப்புக்கு அதிகம் நேரம் பிடிக்கவில்லை. பணிக்குப் பொருந்தாத நடத்தை என்று இருவரையும் நீக்கினார்கள். குடைக்கூடம் மறுபடியும் திறந்தது. கீழே உட்கார்ந்தவன் எழுந்து, மாட்டிக்கொண்டு, குதித்தான். காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொன்னார்களா என்று கேட்கலாம். ரேடியோ, மடிப்புக்காரர் சாப்பிட்ட தட்டைத் தொட மாட்டேன் என்றான். தூங்குமூஞ்சி மட்டும் அவருடைய பெட்டியை வாசல்வரை தூக்கி வந்தான். மாமா அறையிலிருந்து வெளியே வரவில்லை. பிறகு ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுன்னு உன்னை யாருடா கேட்டா?" என்றார் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்கதான் மாமா. இருந்தா சொல்லிடுன்னீங்க."

"நான் குடையைப் பத்திடா கேட்டேன்!"

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மடிப்புக்காரர் மேல் அன்பும் அருவருப்பும் ஒரே நேரத்தில் இருந்தன. அன்பு அவராக வளர்த்தது. அருவருப்பு மற்றவர்கள் ஊட்டியது. எது எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இருவரும் ஒன்றாகப் போய்விடக்கூடாது என்று வேறு வேறு நாளில் வேறு வேறு ரயிலில் அனுப்பினார்கள். இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ராணுவம், ரயிலில் இருந்து இறங்கிக்கொள்ளலாம் என்பதை யோசிக்கவில்லை. நெட்டையோடு பேசிவைத்தபடி மடிப்புக்காரர் இரண்டு நிலையம் தள்ளி இறங்கி, அங்கேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டார். அக்காவுக்குப் போன் செய்தார்.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்களா? என்னடா தப்புப் பண்ணினே?"

"உண்மையைச் சொன்னேன்க்கா."

"வேலை பார்க்கிற இடத்துல அதையெல்லாம் எவனாச்சும் சொல்லுவானா?" என்றாள் அக்கா. என்ன உண்மை என்று அவள் கேட்கவில்லை. பிறகு எப்போதும் கேட்கவில்லை.

நெட்டை வந்து இறங்கியதும் ஆளுக்கொரு வேலை தேடினார்கள். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் மடிப்புக்காரரைச் சேர்த்துக்கொண்டார்கள். நெட்டைக்குப் பள்ளி வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. பாதம் தரையில் இருக்கும் வேலை என்று அவனே கிண்டல் செய்துகொள்வான். சில நாட்களில் கிண்டல் செய்ய மாட்டான். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிடுவான் என்று பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள்.

வேலையை விட வீடுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வீட்டுக்காரர், "உங்களுக்கு அவர் என்ன வேணும்?" என்று கேட்டார். மூன்று அதிகாரிகளுக்கு எதிரில் சொன்னவருக்கு ஒரு வீட்டுக்காரர் எம்மாத்திரம்? மடிப்புக்காரர் சொன்னார். சாவியை நீட்டியிருந்த கை திரும்பிப் போய்விட்டது. அடுத்த வீட்டிலும் சொன்னார். அங்கே கை திரும்பிப் போனதோடு செருப்பும் வந்தது. விடுதியில் கொடுக்கக் கையில் பணமும் தீர்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த வீட்டுல நான் பேசறேன்" என்றான் நெட்டை. "நீ அரிச்சந்திரனாட்டம் வாயைத் திறந்தே, நான் திரும்பி ராணுவத்துக்கே போயிடுவேன்."

"சேர்த்துக்குவாங்களா?"

"கெஞ்சினா சேர்த்துக்குவாங்க. நீ வாயைத் திறக்காதே."

அது ஒரு மெக்கானிக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. சுவரெல்லாம் புகை. சமையலறைக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது. வீட்டுக்காரம்மா, கடையையும் அவரே நடத்துகிறவர், கையில் கிரீஸோடு மேலே வந்தார்.

"யாரு நீங்க ரெண்டு பேரும்?"

"அண்ணன் தம்பிங்க" என்றான் நெட்டை.

மடிப்புக்காரர் சுவரைப் பார்த்தார். மூன்று பேருடைய பிழைப்புக்காக ராணுவத்திடம் விற்க மறுத்த உண்மையை, தண்ணீர் வரும் குழாய்க்காக ஒரு மெக்கானிக் கடை மாடியில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, மறுத்துப் பேசவில்லை. உண்மை பேசுகிறவனுக்குக் கூரை கிடையாது என்று ஓர் ஊரே சேர்ந்து முடிவு செய்திருந்தால், பொய்யின் பொறுப்பு அந்த ஊருடையது.

"யாரு மூத்தவர்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நான்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வீட்டுக்காரம்மா நெட்டையின் முடி மெலிந்த தலையைப் பார்த்தார். மடிப்புக்காரரின் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஓடியதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார்.

"சரி, அதை உள்ளே போய்ப் பேசி முடிவு பண்ணிக்கங்க. என்னைக் கேட்டா, எனக்கு மூத்தவரும் தெரியாது, இளையவரும் தெரியாது. வாடகை தெரியும். கீழே கடையில காலையில ஆறு மணிக்கே தட்ட ஆரம்பிச்சுடுவோம். தூக்கம் கெடுதுன்னு சண்டைக்கு வரக்கூடாது. வருவீங்களா?"

"வர மாட்டோம்" என்றார் மடிப்புக்காரர். அது உண்மை.